மைக் டீச்சருக்குத் தொண்டை கட்டியது

என் மனைவி கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மைக் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான், ஆனால் ஆபீஸ் ரூம் வரைக்கும் அதுதான் செல்லுபடி. வகுப்பில் ஒருவனைப் பார்த்து "ஜன்னலை விட்டு இறங்குடா" என்று அவள் சொன்னால், தெருமுனைக் கடையில் ஏணி மேல் நிற்கிறவரும் சேர்ந்து இறங்கிவிடுவார். நான் மட்டும் என்ன, சளைத்தவனா? நான் லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் நின்றுகொண்டு ஆறாவது மாடிக்காரனோடு பேசிப் பேசி எனக்கும் தொண்டை பெரிது. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சிப் பேசினால்கூட, சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் சமாதானம் செய்ய வந்துவிடுவார்.

வீட்டிலும் அவள் டீச்சர்தான். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு நான் "ம்" என்றால், "முழுசா பதில் சொல்லுங்க" என்பாள். பாங்கில் வரிசை கோணலாக இருந்தால் அவளுக்குத் தாங்காது. முன்பின் தெரியாத ஆட்களைத் தோளைத் தொட்டு நேராக நிறுத்திவிட்டு, "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுத்தான் தன் இடத்துக்கு வருவாள். இதுவரை ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசியதில்லை. மானேஜரே ஒருமுறை வரிசையில் போய் நின்றுகொண்டார்.

இப்பேர்ப்பட்டவளுக்கு லீவு என்ற வார்த்தையே ஆகாது. கடமை உணர்ச்சி, அது இது என்று யாரும் கண்கலங்க வேண்டாம். லீவு எடுப்பதைவிடப் பள்ளிக்கூடம் போவது சுலபம், அவ்வளவுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் பழைய பெரிய ஹால் ஒன்றை, நடுவில் மடக்குப் பலகைத் தடுப்பு போட்டு இரண்டு வகுப்பாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் இவள். மறுபக்கம் போன வருஷம் வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண். இவள் அவளைப் "புதுசு" என்றுதான் சொல்வாள், வீட்டில் நானும் அப்படித்தான். இரண்டு பேரில் ஒருத்தி லீவு போட்டால், தடுப்பை மடக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, மற்றவள் இரண்டு வகுப்பையும் சேர்த்து மேய்க்க வேண்டும். இதற்குத் "தடுப்பைத் திறக்கிறது" என்று பெயர். அங்கே யாரும் ஒரு டீச்சரைப் பார்த்து "உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. "இன்னைக்குத் தடுப்பைத் திறக்கணுமா?" என்றுதான் கேட்பார்கள்.

அன்றைக்குக் காலையில் நான் வழக்கம்போல ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டேன். வழக்கம்போலத் திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். ஒன்றும் விழவில்லை. திரும்பிப் பார்த்தால், அவள் வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், கையை ஆட்டுகிறாள், காற்றுதான் வருகிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. அடுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"போர்த்திக்கிட்டுப் படு. இன்னைக்கு நீ எங்கயும் போகல."

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிக் காதோடு காதாகப் பேசியதில்லை.

"இன்னைக்குப் பின்னக் கணக்கு ஆரம்பிக்கணுங்க."

"பின்னமும் வேண்டாம், முழுசும் வேண்டாம். வகுப்புப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒட்டிக்கப் போகுது."

"அதுங்ககிட்டருந்துதான் எனக்கே வந்துச்சு."

அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். குரல் இல்லாதவளோடு சண்டை போடுவது பெரிய கொடுமை. நான் கத்தக் கத்த, கத்துகிறவன் நான் ஒருவன்தான் என்பது எனக்கே கேட்கிறது. கடைசியில் எழுந்து நின்றவளுக்குத் தலை சுற்றிவிட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, "சரி, நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

எடுத்தது பெரிய டீச்சர். தலைமையாசிரியை என்று பலகையில் எழுதியிருக்கும், பள்ளிக்கூடத்துக்கு அவர் பெரிய டீச்சர். அவர் குரலைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. லீவு கேட்கிறோம் என்றால் இருமிக்கொண்டு கேட்கவேண்டும் என்று எவனோ மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறான் போலிருக்கிறது. தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, நடுநடுவே இருமி, முனகி, "மேடம்... ரொம்ப முடியல மேடம்..." என்றேன்.

"சார், உடம்பு சரியில்லாதது உங்களுக்கா, டீச்சருக்கா?"

"டீச்சருக்குத்தான் மேடம்."

"அப்புறம் நீங்க ஏன் இருமறீங்க?"

நான் வழிந்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, ஓய்வெடுக்கச் சொல்லுங்க. நான் தடுப்பைத் திறந்துடறேன். பக்கத்து டீச்சர் பாத்துப்பாங்க" என்று வைத்துவிட்டார். ஏதோ மலையைப் புரட்டியவன் மாதிரி நான் வந்து விஷயத்தைச் சொன்னேன். "தடுப்பைத் திறக்கிறாங்களாம், நீ நிம்மதியா தூங்கு."

அவள் கண்ணைத் திறந்தாள். போர்வையைத் தூக்கி எறிந்தாள். என் காதைப் பிடித்து வாயருகே கொண்டுபோனாள்.

"ஐயோ, இன்னைக்குத்தாங்க புதுசுக்குப் பார்வை!"

பார்வை என்றால் அங்கே ஒன்றுதான். பெரிய டீச்சர் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, அந்த டீச்சர் பாடம் நடத்துவதை ஒரு பீரியட் முழுக்கப் பார்ப்பார். புதுசு தற்காலிகமாக வந்தவள். வேலையில் நிரந்தரமா, நடையைக் கட்டவேண்டியதா என்பது அன்றைக்கு ஒரு பீரியடில் முடிவாகப் போகிறது. இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவள் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அதற்கு முன்பு அண்ணன் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில். ராத்திரி யார் மாடியேறினாலும் அவள் தலைக்கு மேல்தான் ஏறவேண்டும். வேலை போனால் மறுபடி அங்கேதான்.

"அவ முப்பது பேரை உட்கார வைக்கவே திண்டாடுவா. என் கூட்டத்தையும் சேர்த்து அவிழ்த்து விட்டா, பார்வையில எல்லாம் போச்சு" என்று சொல்லும்போதே என் மனைவி சீப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். "திரும்பப் போன் பண்ணுங்க. வரேன்னு சொல்லுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. போன் செய்தேன். பெரிய டீச்சர், "என்ன சார், அதுக்குள்ள சரியாயிடுச்சா?" என்றார். "ஆமா மேடம், இப்பதான்" என்றேன். இந்த முறை இருமவில்லை. அவர் டக்கென்று வைத்துவிட்டார்.

முகக்கவசம் மாட்டி, சால்வை சுற்றி, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் தலை என் முதுகில் வந்து முட்டியது. பள்ளிக்கூட வாசலில் இறக்கியபோது கால் நிலையாக நிற்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வருமா? கைப்பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வரைக்கும் போனேன். கடைசி பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அந்த பெஞ்சு எனக்கு இடுப்புக்குப் பத்தவில்லை, அது வேறு.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் வந்து உட்கார்ந்துவிட்டார். பார்வை ஆரம்பம்.

இந்தப் பக்கம் என் மனைவி கரும்பலகையில் ஒன்றின் கீழ் இரண்டு, ஒன்றின் கீழ் மூன்று என்று எழுதினாள். திரும்பி ஏதோ சொன்னாள். காற்று. ஒரு பிள்ளை, "டீச்சர், மைக் போச்சா?" என்று கேட்டது. அவ்வளவுதான். சிரிப்பென்றால் சிரிப்பு. முதல் பெஞ்சில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, தான் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கொசுவின் குரல். யாரோ தண்ணீர் பாட்டிலை உருட்டினார்கள். யாரோ அதை உதைத்தார்கள். அது நேராகப் போய்த் தடுப்புப் பலகையில் டமார் என்று மோதியது. அந்தப் பக்கம் ஒரு அசாத்தியமான அமைதி. என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் இப்படிக் கெஞ்சிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை.

எழுந்தேன். லிஃப்ட் குழிக்குள் கொடுக்கிற குரலில், "உக்காருங்க!" என்றேன்.

ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அத்தோடு நான் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியிருக்க வேண்டும். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திவிட்டாள். அவள் காதில் சொல்ல, நான் உரக்கச் சொல்ல, பாடம் நடந்தது. முதல் இரண்டு வரி நன்றாகத்தான் போனது. அப்புறம் பிள்ளைகள் முழிப்பதைப் பார்த்து, நாம்தான் விளக்குவோமே என்று ஒரு கிறுக்குப் புத்தி வந்தது.

"இப்ப ஒரு லிஃப்ட் இருக்கு. அதுல நாலு பேர் போகலாம். மூணு பேர் ஏறிட்டாங்க. அப்புறம் அரை ஆள் ஏறினா..."

ஒரு கை உயர்ந்தது. "சார், மேல் பாதியா, கீழ்ப் பாதியா?"

"எந்தப் பாதியா இருந்தா என்ன?"

"கீழ்ப் பாதின்னா பட்டனை அமுக்க முடியாதே சார்."

"மேல் பாதின்னா எட்டாது சார்" என்றான் இன்னொருத்தன்.

நியாயமாகத்தான் இருந்தது. நான் யோசித்தேன். யோசிக்கலாமா? அது பெரிய தப்பு. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. மேல் பாதிக் கட்சி, கீழ்ப் பாதிக் கட்சி. "மத்த மூணு பேர் தூக்கி விடுவாங்க!" என்று ஒரு கட்சி. "பாதி ஆளை யாரு தூக்குவா, பயமா இருக்காதா?" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சிக்கும் மேல் கத்தினேன். என் மனைவி டஸ்டரால் மேஜையைத் தட்டினாள். அவள் தட்டியது அவர்களுக்கா எனக்கா என்று இன்றைக்கும் தெரியாது.

தடுப்பின் ஓரப் பலகை மடங்கியது. பெரிய டீச்சர் நின்றார்.

கரும்பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேஜையில் தலையைச் சாய்த்திருந்த என் மனைவியைப் பார்த்தார். "சார், இது என்ன?" என்றார்.

"பின்னம் மேடம்" என்றேன்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் புதுசு வந்தாள். அவளும் சால்வை சுற்றியிருந்தாள். மூக்கு சிவந்து, கண் சிவந்து, நெற்றியெல்லாம் வேர்வை. வாயைத் திறந்தாள். காற்று. என் மனைவியின் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, இவ்வளவு காய்ச்சலோட ஏங்க்கா வந்தீங்க? லீவு போட்டிருக்கலாமே" என்று அவள் சொன்னது உதட்டைப் பார்த்தால்தான் புரிந்தது.

"உனக்குப் பார்வைடி. தடுப்பைத் திறந்தா உன் கதி என்ன ஆகும்? அதான் வந்தேன். உனக்கு என்ன கேடு? நீ ஏன் வந்தே?"

"எனக்கு முந்தாநாள்லருந்து காய்ச்சல்க்கா. நேத்தே உங்க குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நான் லீவு போட்டா ரெண்டு வகுப்பும் உங்க தலையில விழுமேன்னுதான் வந்தேன்."

"லூசா நீ?"

"நீங்கதான் லூசு."

இரண்டு பேரும் குரலே இல்லாமல் கையை ஆட்டி ஆட்டி ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவேண்டியது. கோபம்தான் வந்தது. எங்கிருந்து வந்ததோ, பொங்கிக்கொண்டு வந்தது.

"மேடம், இது என்ன மேடம் பள்ளிக்கூடம்? ஒருத்திக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தி தலையில கட்டறது. அவளுக்கும் காய்ச்சல்னா? ஒரு லிஃப்ட் ரிப்பேர்னா நாங்க கதவுல பலகை மாட்டி நிறுத்திடுவோம் மேடம். மெஷினுக்கு இருக்கிற மரியாதை இந்தப் பொம்பளைங்களுக்குக் கிடையாதா?"

சொல்லி முடித்த பிறகுதான், யார் முன்னால் நின்று கத்தினோம், யாருடைய வேலை அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது. என் மனைவி என் கையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "மூணு பேரும் வெளியே போங்க" என்றார். பலகைகளை ஒவ்வொன்றாகத் தானே மடக்கி ஓரமாகத் தள்ளினார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் போய் நின்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்றால் புதுசு வரமாட்டேன் என்றாள். முடிவு தெரியாமல் போனால் ராத்திரி தூக்கம் வராதாம். அவள் போகாமல் என் மனைவி நகரமாட்டாள். தாழ்வாரத்து பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் மனைவி என் பக்கமே திரும்பவில்லை. குரல் இல்லாமல் பேசாதிருப்பதும் கோபத்தில் பேசாதிருப்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். புதுசு சால்வை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் அந்தப் பெண்ணிடம், "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். அவள், "பரவால்லண்ணா, நீங்க பேசினது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே முதலில் பெரிய டீச்சரின் குரல் தனியாகக் கேட்டது. பிறகு குரலும் சத்தமும் கலந்து கேட்டது. பிறகு சத்தம் மட்டும் கேட்டது. ஒருமுறை, "யாரு பெஞ்சுக்கு அடியில?" என்றார். கொஞ்சம் கழித்து, "பெஞ்சுக்கு அடியில எத்தனை பேரு?" என்றார்.

மணி அடித்ததும் வெளியே வந்தார். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மூக்கின் மேல் சாக்பீஸ் தூள். எங்கள் பெஞ்சிலேயே தொப்பென்று உட்கார்ந்து, "தண்ணி இருக்கா?" என்றார். குடித்தார். என்னைப் பார்த்து, "அந்த அரை ஆளைப் பத்தியே கேட்டு உயிரை வாங்குதுங்க சார்" என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு புதுசு பக்கம் திரும்பினார். "காய்ச்சல்னு ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"நான் டெம்பரரி மேடம். எனக்கு லீவு கிடையாதே. ஒருநாள் வராம போனாலும் வேற ஆள் பாத்துடுவீங்கன்னு பயம்" என்று அவள் காற்றாகச் சொன்னாள்.

பெரிய டீச்சர் மூக்கிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சட்டம் எனக்குத் தெரியும்தான். அப்படி ஒருத்தி உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருப்பான்னு நான் யோசிக்கல" என்றார். "இன்னைக்குப் பாடம் நீ நல்லா நடத்தலம்மா. யாருக்கும் எதுவும் கேக்கல. ஆனா ஒரு பிள்ளைகூட இடத்தை விட்டு எந்திரிக்கல. நான் இப்ப நின்னு பாத்துட்டேன், அது எவ்வளவு கஷ்டம்னு. நீ இங்கேயே இருந்துடு. மேல நான் சொல்லிக்கிறேன். இனிமே நீ நிரந்தரம்தான். இப்ப ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்த் தொலைங்க."

புதுசு எழுந்து நின்றாள். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தாள், இப்போது காற்றுகூட வரவில்லை. என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு காய்ச்சலும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன.

இரண்டு பேருக்கும் டாக்டர் ஊசி போட்டு, வாரம் முடிகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்றார். மறுநாள் படுக்கையில் கிடந்தார்கள். பெரிய டீச்சர்தான் இரண்டு வகுப்பையும் பார்த்தார். அதற்கு அடுத்த நாள் காலையில் என் மனைவிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, குரல்தான் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவளுடைய கைப்பையை அலமாரி மேல் ஒளித்து வைத்திருந்தேன். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தபோது போன் அடித்தது. புதுசு. உரக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, மேடத்துக்கு முடியலையாம். தொண்டை கட்டிடுச்சாம், இன்னைக்கு வரலையாம். ஆனா நான் இன்னைக்கும் லீவு சொல்லிட்டேன்க்கா. ஆபீஸ்ல சரின்னுட்டாங்க. சம்பளம் பிடிக்க மாட்டாங்களாம்." கரகரத்த குரலில் ஒரு சிரிப்பு வந்தது. "எனக்கு நம்பவே முடியலக்கா. நான் பாட்டுக்குத் தூங்கலாமாம்."

என் மனைவி போனை வாயருகே வைத்துக்கொண்டாள். "தூங்குடி. நல்லாத் தூங்கு. போனை அணைச்சு வச்சுட்டுத் தூங்கு" என்று காற்றாகச் சொன்னாள். வைத்தாள். அடுத்த நொடி கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

"எங்க கிளம்பிட்டே? டாக்டர் என்ன சொன்னார்? காதுல விழுந்துச்சா இல்லையா? உனக்குன்னு ஒரு புத்தி..."

அவள் என் காதைப் பிடித்து இழுத்தாள்.

"மேடமும் இல்லை. நானும் போகலன்னா ஆபீஸ்லருந்து அவளைத்தான் கூப்பிடுவாங்க. அவ விழுந்தடிச்சு ஓடி வருவா. வேலைக்கு வந்ததுலருந்து அவளா கேட்டு எடுக்கிற முதல் லீவுங்க இது. முழுசா எடுக்கட்டும்."

எனக்கு வாயில் நல்ல திட்டாக நாலைந்து தயாராக இருந்தது. அலமாரி மேலிருந்து கைப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை வெளியே எடுக்கப் போனேன்.